பாதையில்லாத மலைக்கு மூட்டை கட்டுவது: சியராவில் பட்ட பாடு

மலையேற்றத்துக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று தேடினால் பட்டியலுக்குப் பஞ்சமே இல்லை. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் எடை எத்தனை கிராம் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். நான் படித்தவை எல்லாமே பாதையில் நடப்பவர்களுக்காக எழுதியவை. பாதை என்ற ஒன்றே இல்லாத இடத்தில் பல நாள் நடக்கப் போகிறவருக்கு அந்தப் பட்டியலில் பாதி உதவாது. மீதியில் சிலது ஆளையே கவிழ்த்துவிடும். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஏறக்குறைய 700 டாலரும், ஒரு ராத்திரித் தூக்கமும், இடது முழங்காலில் கொஞ்சம் தோலும் மிச்சமாகியிருக்கும்.

நான் போனது கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குப் பக்கமான கிழக்குச் சியராவில், பிஷப் ஊருக்கு மேலே. நார்த் லேக்கில் தொடங்கி அங்கேயே வந்து முடிகிற ஒரு சுற்று. 11,423 அடி உயரமுள்ள பையூட் கணவாய் வரை அருமையான பாதை உண்டு. அங்கே பாதையை விட்டு விலகி மியூரியல் ஏரி, கோதே ஏரி என்று தெற்கே ஏற வேண்டும். கிளேசியர் டிவைட் என்ற மலைச்சுவரை ஆல்பைன் கணவாயில் தாண்டினால் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்குள் டார்வின் பெஞ்ச் என்கிற மேட்டுநிலம். அப்புறம் டார்வின் பள்ளத்தாக்கு வழியாக, 13,000 அடியைத் தொட்டுவிடும் லமார்க் கணவாய் ஏறி மறுபடி நார்த் லேக். மொத்தம் 40 கிலோமீட்டருக்குள்தான். வரைபடத்தில் பார்க்கும்போது சிரிப்பாக இருக்கும், இதற்கா இத்தனை நாள் என்று. பாதையில் மணிக்கு 3 கிலோமீட்டர் நடக்கிறவன் பாறைக்குவியலில் ஒன்றரை நடந்தாலே பெரிய விஷயம். இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உணவு, எரிவாயு, பேட்டரி எல்லாமே இந்தக் கணக்கில்தான் மூட்டைக்குள் போகும்.

என்னோடு வருவதாக இருந்த நண்பருக்குக் கடைசி வாரத்தில் அலுவலக வேலை வந்துவிட்டது. அனுமதிச் சீட்டு என் பெயரில் இருந்தது. அங்கே ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து விடுகிறார்கள், கோடையில் கிடைப்பதே பாடு. விட மனசு வரவில்லை. இரண்டு பேர் பகிர்ந்து தூக்க வேண்டியதையெல்லாம் நானே தூக்குவது என்று ஆனது. அடுப்பு, தண்ணீர் வடிகட்டி, முதலுதவிப் பெட்டி, கூடாரம் எல்லாம் ஒரே முதுகில். தனியாகப் போவது என்றால் பயம், தனிமை என்றெல்லாம் பேசுவார்கள். எனக்கு முதலில் உறைத்தது எடைதான். எல்லாவற்றையும் போட்டு நிறுத்துப் பார்த்தால் 16 கிலோவுக்கு மேல் காட்டியது.

பை, கரடி டப்பா இரண்டையும் மலைச் சாமான் கடை ஒன்றில் வாடகைக்கு எடுத்தேன். கரடி டப்பா தெரியாதவர்களுக்கு: அது தடித்த பிளாஸ்டிக் உருளை, மூடியைக் கரடியால் திறக்க முடியாது. சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன் என்று வாசனையுள்ள எல்லாமே ராத்திரி அதற்குள் இருக்க வேண்டும். கிழக்குச் சியராவின் பல பகுதிகளில் இது கட்டாயம். பெரிய அளவு டப்பா வெறும் எடையே 1 கிலோவுக்கு மேல், உள்ளே 11 லிட்டர் சொச்சம் பிடிக்கும். சாப்பாட்டை அடைத்தால் 4 கிலோவைத் தாண்டும். கடையில் கொடுத்த பைக்குள் அது நிமிர்ந்து நுழையவில்லை. கடைக்காரப் பையன் ரொம்ப சகஜமாக அதைப் பையின் உச்சியில் படுக்க வைத்து, மேலே ஒரு பட்டையை இழுத்து மாட்டி, "எல்லாரும் இப்படித்தான் கொண்டுபோவார்கள்" என்றான். பொய் சொல்லவில்லை. பாதையில் நிறைய பேர் அப்படித்தான் கொண்டுபோகிறார்கள். கூடாரமும் அவன் பரிந்துரைத்ததுதான். 1 கிலோகூட இல்லை, தனியாகக் கம்பி கிடையாது, கையிலிருக்கும் இரண்டு ட்ரெக்கிங் கோல்களையே நட்டு நிறுத்த வேண்டும். கோலும் கார்பனில் வாங்கிக்கொண்டேன், இரண்டும் சேர்ந்து 180 டாலர். லேசாக இருந்தன. கூடாரத்தின் காலும் என் காலும் அந்த ஒரே ஜோடிக் கோலை நம்பி நிற்கப் போகின்றன என்பதை அந்தக் கடையில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

முதல் நாள் உங்களை ஏமாற்றும். பையூட் கணவாய்ப் பாதை லாக் லெவன், பையூட் ஏரி என்று தண்ணீரை ஒட்டியே போகிறது. படி கட்டிய இடங்கள்கூட உண்டு. மேலே டப்பா ஆடுவது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. கணவாயில் நின்று ஹம்ஃப்ரீஸ் சிகரத்தைப் பார்த்துவிட்டு, நாம் நல்லாத்தான் மூட்டை கட்டியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். மியூரியல் ஏரிக்கு மேலே படுத்தேன். ராத்திரி தண்ணீர் பாட்டிலில் ஐஸ் கட்டியது, ஆகஸ்ட் மாதம்தான். இங்கே ஒரு சின்ன விஷயம், ஆனால் காசு விஷயம். நுண்குழாய் வைத்த தண்ணீர் வடிகட்டி ஒருமுறை நனைந்தபின் உறைந்துபோனால் உள்ளே குழாய்கள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், கிருமி மட்டும் சேர்ந்து வரும். அதை ஒரு ஜிப் பையில் போட்டு ஸ்லீப்பிங் பேகுக்குள் காலடியில் வைத்துத் தூங்க வேண்டும். எரிவாயு உருளையையும் கூடவே வைத்தால் காலையில் அடுப்பு ஒழுங்காக எரியும்.

மறுநாள் கோதே ஏரியைத் தாண்டியதும் கதை மாறியது. பாதையில்லை என்றதும் நம் ஆட்கள் பலர் காடு, முள், புதர் என்று நினைப்பார்கள். சியராவில் அந்த உயரத்தில் மரமே இல்லை. பனியாறு செதுக்கிவிட்டுப் போன சரிவுகளில், உறைபனி பிளந்து தள்ளிய கிரானைட் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. பூசணிக்காய் அளவிலிருந்து மாருதி கார் அளவு வரை உண்டு. டேலஸ் என்கிறார்கள். பெரிய பாறை ஆடாது என்று நினைக்காதீர்கள், கார் அளவுப் பாறையும் காலை வைத்ததும் ஒரு பக்கம் சாயும். அந்த நொடியில் உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்து சமாளித்துக்கொள்ளும். ஆனால் தலைக்குப் பின்னால் 4 கிலோ டப்பா ஒன்று உட்கார்ந்திருந்தால், நாம் சாய்ந்து நின்ற பிறகும் அது நிற்காது. அரை நொடி தாமதித்து வந்து நம்மை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடும். ஆல்பைன் கணவாய்க்கு ஏறும் வழி முழுக்க இதே சண்டைதான்.

கணவாயைத் தாண்டி தெற்கே இறங்கும்போது, ஏரிக்கரைப் பாறைக்குவியலில் அது நடந்தது. ஒரு பாறை சாய்ந்தது, நான் சமாளித்தேன், டப்பா சமாளிக்கவில்லை. வலப்பக்கம் விழுந்தேன். கோலின் முனை இரண்டு பாறைக்கு நடுவே மாட்டியிருந்தது, என் எடை மொத்தமும் அதன்மேல் குறுக்கே விழ, மிளகாய் வற்றலை ஒடித்தது போல ஒரு சத்தம். கீழ்த்துண்டு போச்சு. பையின் பக்கவாட்டு வலைப் பையிலிருந்த தண்ணீர் பாட்டில் பாறைகளுக்கு நடுவே டங்கு டங்கென்று இறங்கிப் போய் எங்கோ ஆழத்தில் நின்றது. கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது, எடுக்க வழியில்லை. சட்டைக் காலரில் மாட்டியிருந்த கூலிங் கிளாஸ் நசுங்கியது. முழங்காலில் ரத்தம். எழுந்து உட்கார்ந்து கை காலை அசைத்துப் பார்த்தபோது வந்தது பயம்கூட இல்லை, கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். சத்தம் போட்டுத் திட்டினேன், கேட்க ஆளில்லை. அப்புறம்தான் பயம் வந்தது. செயற்கைக்கோள் தகவல் கருவி பையின் தோள்பட்டையில் மாட்டியிருந்தது. பை என்னை விட்டுக் கழன்று பத்தடி கீழே உருண்டிருந்தால்? காலும் முறிந்திருந்தால்? அன்றிலிருந்து அது பையில் இல்லை, காற்சட்டையின் ஜிப் போட்ட பாக்கெட்டில் இருக்கிறது. கூடவே ஒரு விசில், ஒரு சின்ன லைட். பையை இழந்தாலும் உடம்போடு இருக்க வேண்டியவை இவை மூன்றும்.

பை கட்டும் விதத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாதையில் நடக்கும்போது கனமானதைத் தோள் உயரத்தில் வைக்கச் சொல்வார்கள், அது சரிதான். பாறையில் ஏறி இறங்குகிறவர்கள் அதே கனத்தை இன்னும் கொஞ்சம் கீழே, முதுகின் நடுவில், முதுகெலும்பை ஒட்டி வைக்க வேண்டும். அடியில் ஸ்லீப்பிங் பேக், அதன்மேல் டப்பா நிமிர்ந்த நிலையில், சுற்றியிருக்கும் இடுக்குகளில் துணியைத் திணித்து அது இம்மியும் அசையாதபடி செய்ய வேண்டும். டப்பா உள்ளே நிமிர்ந்து போகாத பை உங்களுக்கான பை இல்லை. கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள், டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி உள்ளே இறக்கிப் பாருங்கள். வெளியே எதுவும் தொங்கக் கூடாது. கப், செருப்பு, ஈரத்துணி, சுருட்டிய பாய் எதுவுமே. தொங்குவது பாறையில் மாட்டும், அல்லது கிழியும், அல்லது பாட்டில் மாதிரிப் போய்ச்சேரும். எடை குறைப்பதற்காக மெல்லிய வலைத்துணி வைத்துத் தைத்த பைகள் இப்போது நிறைய வருகின்றன. கிரானைட்டில் உட்கார்ந்து வழுக்கி இறங்குகிற ஒரு மதியத்துக்கு அது தாங்காது. அந்த வாடகைப் பையின் வலையும் கிழிந்தது. முன்பணத்தில் 150 டாலரை அதற்காகவே பிடித்துக்கொண்டார்கள்.

டார்வின் பெஞ்சை அடைந்தபோது மணி மூன்று. வானம் ஏற்கெனவே கறுத்திருந்தது. கோடை மதியங்களில் சியராவின் முகட்டில் இடிமழை வருவது வழக்கம், அதனால்தான் கணவாய்களை உச்சிவேளைக்கு முன் தாண்டிவிடச் சொல்கிறார்கள். ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. கூடாரத்தை அடிக்கலாம் என்றால் இரண்டு கோல் வேண்டும், என்னிடம் ஒன்றரைதான் இருந்தது. சரி, ஒற்றைக் கோலில் ஒரு பக்கத்தையாவது தூக்கி நிறுத்தலாம் என்றால் முளை இறங்கவில்லை. மேலே நாலு விரற்கடை மண், அதற்குக் கீழே ஒரே பாறைத்தளம். அடித்த முளை வளைந்துதான் போனது. கல்லில் கட்டலாம், ஆனால் அதற்கு நீளக் கயிறு வேண்டும். கூடாரத்தோடு வந்தது முழ நீளத் துண்டுகள். காற்று ஒரு மூலையைப் பிடுங்கிக் கிழித்தது. கடைசியில் ஒரு பாறையின் மறைவில் உட்கார்ந்து, கூடாரத் துணியையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு, ஓரங்களைச் சுற்றிக் கல் வைத்தேன். காற்றடைத்த மெத்தையைத் துணியில்லாத தரையில் விரித்ததில் கூர்மையான கல் குத்தி, பத்து நிமிடத்தில் தட்டையானது. அது ஒரு 140 டாலர்.

அந்த ராத்திரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தூங்கவில்லை. குளிரில் உடம்பு நடுங்கும்போது மனம் எதையும் பெரிதாக யோசிப்பதில்லை. கால் விரல் அசைகிறதா, ஸ்லீப்பிங் பேக் காய்ந்திருக்கிறதா, மணி என்ன, இவ்வளவுதான். ஸ்லீப்பிங் பேக் காய்ந்திருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. அதற்குக் காரணம் விலையுயர்ந்த எதுவும் இல்லை. பைக்குள் முதலில் ஒரு பெரிய தடித்த குப்பைப் பையைச் செருகி, அதற்குள்தான் துணியையும் ஸ்லீப்பிங் பேகையும் போட்டிருந்தேன். 1 டாலர்கூட ஆகாது. பைக்கு வெளியே மாட்டுகிற மழை உறையை நம்பாதீர்கள். பாறை அதைக் கிழிக்கும், காற்று பறித்துக்கொண்டு போகும், முதுகுப்பக்கம் வழியாகத் தண்ணீர் எப்படியும் இறங்கும்.

இடையில் கருவி ஒலித்தது. மனைவியின் செய்தி. ஒரு செய்திக்கு 160 எழுத்துதான், அதனால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக்கொள்வோம். "சாப்ட்டீங்களா? அங்க மழையா?" என்று கேட்டிருந்தாள். "சாப்ட்டேன். லேசான தூறல்" என்று அனுப்பினேன். இடத்தின் அடையாளம் ஒவ்வொரு செய்தியோடும் அவளுக்குப் போய்ச்சேரும் என்பதால், புறப்படுமுன் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். இத்தனை மணி நேரம் செய்தியே இல்லையென்றால் யாரை அழைக்க வேண்டும், அனுமதிச் சீட்டின் எண் என்ன, வண்டி எங்கே நிற்கிறது, நான் போட்டிருக்கும் சட்டையின் நிறம் என்ன என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தேன். திட்டமிட்ட வழியை வரைபடத்தில் கோடாகவே வரைந்து கொடுத்திருந்தேன். பாதையில் போகிறவரைத் தேடுவது வேறு, பாதையில்லாத இடத்தில் தேடுவது வேறு. அந்தக் கோடும் ஒரு சாமான்தான்.

காலையில் வெயில் வந்தது, எல்லாவற்றையும் பாறைமேல் விரித்துக் காயப்போட்டேன். அப்போது கீழேயிருந்து ஒரு அம்மா ஏறி வந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தனியாள். நான் கடை பரப்பியிருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஒடிந்த கோலை வாங்கி, ஒடிந்த இடத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கூடார முளையை வைத்து, தன் தண்ணீர் பாட்டிலில் சுற்றி வைத்திருந்த டேப்பைப் பிரித்து இறுக்கிச் சுற்றினார். ஐந்து நிமிட வேலை. நடக்கத் தாங்காது, கூடாரத்துக்குத் தாங்கும் என்றார். பாட்டிலிலோ லைட்டரிலோ இரண்டு மீட்டர் டேப் சுற்றி வைத்துக்கொள்வது, கூடவே தடித்த ஊசி, பல்லிடுக்கு நூல், இடுப்புப் பட்டைக்கு ஒரு மாற்றுக் கொக்கி. மொத்தம் 100 கிராம் வராது. கோல் பாறையில் உடையும், அதுதான் அதன் இயல்பு என்றார் அவர். கையும் சேர்த்து ஏற வேண்டிய இடம் வந்தால் கோலை மடக்கிப் பைக்குள் வைத்துவிட வேண்டுமாம், கையில் வைத்துக்கொண்டு ஏறுகிறவர்தான் உடைக்கிறவர். அலுமினியம் என்றால் வளையும், வளைந்ததை நிமிர்த்தலாம். கார்பனுக்கு வளைவு கிடையாது. அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. கனமான தோல் பூட்ஸ்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். என் அனுபவத்தில் கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸைவிட, அடிப்பாகம் விறைப்பாகவும் ரப்பர் நன்றாகப் பிடிப்பதாகவும் உள்ள குட்டைக் காலணி பாறையில் நம்பிக்கையாக இருந்தது. மெத்தென்ற ஓட்டக் காலணி மட்டும் வேண்டாம், கூரான விளிம்பில் நிற்கும்போது பாதம் மடங்கும்.

இனி நான் போனால் தன் கம்பியிலேயே தானாக நிற்கும் கூடாரத்தைத்தான் எடுப்பேன், அரைக் கிலோ கூட இருந்தாலும். அப்படி நிற்கும் கூடாரத்தைப் பாறைத்தளத்தில் வைத்து மூலைகளில் கல்லைக் கட்டினால் போதும். 15 மீட்டர் மெல்லிய கயிறு தனியாக. மெத்தைக்கு அடியில் மெல்லிய ஃபோம் விரிப்பு, அது ஓட்டையானாலும் படுக்கலாம், மதியம் உட்காரவும் ஆகும். ஒரு பொருள் இரண்டு வேலை செய்தால் எடை மிச்சம் என்பார்கள். செய்யட்டும். ஆனால் அந்தப் பொருள் போனால் எந்த இரண்டு வேலையும் சேர்ந்து போகும் என்று வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

டார்வின் பெஞ்சிலிருந்து கீழே இறங்கினால் ஜான் மியூர் பாதை கிடைக்கும், ஆனால் அங்கிருந்து சாலைக்கு வர இன்னும் நாள்கணக்கில் நடக்க வேண்டும். சாப்பாடு இருந்தது, கால் நடந்தது, வானம் தெளிவாக இருந்தது. லமார்க் வழியாகவே போவது என்று முடிவெடுத்தேன். அதற்கு முன் பையை முழுக்கக் கொட்டி, அந்தப் பைக்குள் டப்பாவைக் குறுக்காகவாவது நுழைத்து, உச்சியில் லேசான ஜாக்கெட்டுகளை மட்டும் வைத்தேன். பை முதுகில் சரியாக உட்காரவில்லை. ஆனால் ஆட்டம் நின்றது. அதே காலணி, அதே எடை, நடை வேறாகிவிட்டது. லமார்க் கணவாய்க்கு டார்வின் பள்ளத்தாக்குப் பக்கம் ஏறுவது செங்குத்து, பாறையும் மணலும் கலந்து காலை இழுக்கும். மறுபக்கம் உச்சிக்குக் கீழே கோடையிலும் ஒரு பனித்திட்டு கிடக்கிறது. அதிகாலையில் அது கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும், வெயில் ஏறியதும் இளகும். நான் இளகிய பிறகு இறங்கினேன், கூலிங் கிளாஸ் இல்லாமல் கண் கூசித் தண்ணீர் கொட்டியது. பனி அதிகமான வருஷம் என்றால் காலணிக்கு மாட்டும் சிறு முள் சங்கிலி ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே லமார்க் ஏரி வரைக்கும் நீண்ட மணல் சரிவு, கணுக்கால் உறை இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காலணியைக் கழற்றிக் கொட்ட வேண்டும்.

கையுறையைச் சொல்ல மறந்துவிட்டேன். குளிருக்கு இல்லை, பாறைக்கு. கிரானைட்டின் சொரசொரப்பு ஒரு நாளில் விரல்நுனித் தோலைத் தேய்த்துவிடும், அப்புறம் ஜிப் இழுக்கக்கூட எரியும். தோட்டவேலைக்கு விற்கும் ரப்பர் பூசிய கையுறை 5 டாலருக்குக் கிடைக்கிறது, அதுவே போதும். அரைக்கால் சட்டையும் வேண்டாம். வரைபடம் போனில் மட்டும் இருந்தால் போதாது, தாளிலும் வேண்டும், அதையும் முழுக்க நம்ப முடியாது. 40 அடிக்கு ஒரு கோடு போட்ட வரைபடத்தில் 30 அடிச் செங்குத்துப் பாறை இரண்டு கோட்டுக்கு நடுவே காணாமல் போய்விடும். அங்கே போய் நின்றால்தான் தெரியும், திரும்பி வந்து வேறு வழி பார்க்க வேண்டும். அதற்காகவே ஒரு நாள் சாப்பாடு கூடுதல்.

சாப்பாடு விஷயத்தில் மட்டும் நான் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. மலைக் கடைகளில் விற்கும் உலர்த்திய உணவுப் பொட்டலம் ஒன்று 12 டாலர், உப்பைத் தவிர வேறு ருசி இல்லை, காற்றடைத்த பை மாதிரி டப்பாவில் இடத்தையும் அடைக்கும். நான் கொண்டுபோனது அவல். 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதில் அரிசியும் பருப்பும் எவ்வளவு நேரம் வைத்தாலும் ஒழுங்காக வேகாது. அவலுக்கு வேகவே வேண்டாம், சுடுதண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் ஆயிற்று. எரிவாயு தீர்ந்தால் பச்சைத் தண்ணீரிலும் ஊறும். அன்று ராத்திரி அடுப்பு பற்றவைக்க முடியாமல் அதைத்தான் செய்தேன். கூட பருப்புப் பொடி, ஒரு சின்ன பாட்டில் நெய். வறுத்து வைத்த ரவையும் நல்லது. நடக்கும்போது கடலைமிட்டாய். உயரத்தில் முதல் நாள் வாய் கசந்து சாப்பாடே இறங்காது, அப்போது நார்த்தங்காய் ஒரு துண்டு. எண்ணெய் ஊறுகாய்ப் பொட்டலம் மட்டும் வேண்டாம். உயரத்தில் காற்றழுத்தம் குறைய அது உப்பும், டப்பாவுக்குள் வெடித்தால் கடைசி நாள் வரை எல்லாமே ஆவக்காய்தான். பொட்டலங்களை வீட்டிலேயே ஊசியால் குத்திக் காற்றை எடுத்து, ஜிப் பையில் போட்டு, நாள்வாரியாக அடுக்கினால் டப்பாவில் இடம் கிடைக்கும். ஒரு நாளைக்கு 600, 700 கிராம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

ஊருக்கு வந்து கணக்குப் பார்த்தேன். கோல் 180, பை முன்பணத்தில் 150, மெத்தை 140, கூலிங் கிளாஸ் 170, கூடாரத்தின் கிழிந்த மூலையைத் தைக்க 60. கடையில் டப்பா விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், பணத்தைத் திருப்பவில்லை. வீட்டில் ஃபிரிட்ஜில் அந்தத் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. லேசான தூறல் என்று சொன்னதற்கு இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருப்பவர்கள் புறப்படுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, முழு மூட்டையோடு காசில் ராக் மாநிலப் பூங்காவுக்குப் போய் அங்கேயுள்ள பாறைகளில் ஏறி இறங்கிப் பாருங்கள். அங்கே மணற்பாறைதான், கிரானைட் அளவு கடுமை இல்லை, ஆனால் பை ஆடுகிறதா, என்ன தொங்குகிறது, எது இடிக்கிறது என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து சிமென்ட் தரையில், முளையே அடிக்காமல், கூடாரத்தை நிறுத்திப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுக்க அப்போது இன்னும் நாள் இருக்கும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.